ஓடாத ஜீப்பை ஓடை கடத்திய காலை

வண்டிக் காகிதம் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று நம் ஆட்கள் கூப்பிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் யாராவது வாசித்துவிடுங்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஐம்பது வயது தாண்டியதும் ஃபாரத்தில் உள்ள சிறிய எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து தெரிய ஆரம்பித்தன. நம் வேலையில் ஓர் எண் மாறினால் ஒரு குடும்பம் அலையும். ஆகவே நிறுத்திக்கொண்டேன்.

ஃபாரம் நிரப்புவது எப்படி என்பதை மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு பட்டாளத்து ஜீப்பைப் பற்றி. அதில் நான் ஒரு தப்புச் செய்தேன். பிறகு ஒன்றைச் சரி என்று நினைத்துச் செய்தேன். அது சரிதானா என்பதில் இன்றைக்கும் எனக்குக் குழப்பம் உண்டு.

அது எல்லைப் போராட்டக் காலம். எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு போகுமா, மலையாள ராஜ்யத்திலேயே நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. பாறசாலையில் இன்று திறந்திருக்கும் கடை நாளை அடைத்திருக்கும். ஊர்வலம் போகும், அதன் பின்னாலேயே போலீஸ் வரும். காலையில் தமிழில் மனு எழுதச் சொன்னவரே மாலையில் திரும்பி வந்து, "எதுக்கும் மலையாளத்திலயும் ஒண்ணு எழுதி வை மக்கா" என்பார். நான் அங்கே ஒரு வொர்க்ஷாப்பில் எழுத்து வேலைக்கு இருந்தேன். முதலாளியை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். காகிதம் என்றால் அவருக்கு அலர்ஜி. அதனால்தான் எனக்குச் சம்பளம்.

பட்டாளம் கழித்துவிட்ட ஜீப்புகள் அப்போது ஏலத்தில் மலிவாகக் கிடைத்தன. இங்கிலீஷில் ஒரு காகிதம் மட்டும் கூட வரும். தரகர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: பட்டாளத்து வண்டிக்கு வரி கிடையாது. பட்டாளத்தில் இருந்தவரை அது உண்மைதான். நம் கைக்கு வந்த நாளிலிருந்து வரி ஓட ஆரம்பிக்கும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார்.

தாசையன் அண்ணன் அப்படித்தான் ஒரு ஜீப்பை வாங்கி வந்தார். ஆரியங்கோட்டு மலையிலிருந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைப் பாறசாலைக்கு இறக்குவார். பொழியூர் மீனை மலைக்கு ஏற்றுவார். அதுவரை எல்லாம் சக்கடா வண்டியில். மாட்டையும் வண்டியையும் விற்று, பரம்பரையாக இருந்த அறுபது சென்ட் விளையையும், அதாவது தோட்டத்தையும், விற்று, இதை வாங்கிவிட்டார்.

"எனக்க விளை இப்ப நாலு சக்கரத்தில நிக்குது, பாத்துக்க" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசான் எஞ்சினைத் துடைத்து எண்ணைப் பார்த்தார். காகிதத்தில் வேறு எண். பட்டாளத்தில் எப்போதோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், காகிதத்தை மாற்றவில்லை. எண் ஒத்துவராத வண்டியைப் பதிவுசெய்ய முடியாது. பட்டாளத்து டிப்போவிலிருந்து கடிதம் வாங்கி வா என்றது வண்டி ஆபீஸ். நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் எழுதினேன்.

அதுவரை வரிக்கு என்ன செய்வது? வண்டி ஓடவில்லை, இன்ன இடத்தில் சும்மா நிற்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்தால் வரி கேட்க மாட்டார்கள். ஜீப் உண்மையிலேயே ஓடவில்லை. தாசையன் அண்ணனின் வீட்டில் ஷெட் கிடையாது. வீட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவருடைய மைத்துனர் சின்னப்பனின் விளை. அங்கே ஓலை மேய்ந்த ஷெட் இருந்தது. ஜீப்பை அங்கே விட்டிருந்தார்கள். மழையில் தரை இளகி டயர்கள் நாலும் புதைந்துபோயின. பூசணிக்கொடி பானெட்டில் ஏறி ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டது. பின்சக்கரத்தில் கறையான் புற்று. ஒவ்வொரு தடவையும் 'வண்டி நிற்கும் இடம்' என்ற கட்டத்தில் நான் சின்னப்பனின் விளைப் பெயரை எழுதினேன். அப்போது ஓடைக்கு இரண்டு பக்கமும் ஒரே ராஜ்யம். யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லை பிரிந்தது. எங்களுக்கு நேராக அந்த ஓடைதான் எல்லை. இந்தக் கரை கேரளம், அந்தக் கரை மெட்ராஸ் ராஜ்யம், அதாவது தமிழ்நாடு. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிக்கிடந்த தாசையன் அண்ணன் கேரளத்தில் நின்றார். ஊர்வலம் போகும்போது வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த சின்னப்பன் மெட்ராஸ்காரர் ஆகிவிட்டார்.

அடுத்த மூன்று மாதக் காகிதம் எழுத உட்கார்ந்தபோது என் பேனா அந்தக் கட்டத்தில் நின்றது. சின்னப்பனின் விளை என்று எழுதினால் வண்டி வேறு ராஜ்யத்தில் நிற்கிறது என்றாகும். அனுமதி இல்லாமல் எல்லை கடந்தது என்பார்களா? அது கடக்கவே இல்லையே, எல்லைதானே அதைக் கடந்து போனது? ஆபீசில் கேட்டுவிடலாம் என்று போனேன். குமாஸ்தா தலையைத் தூக்கி, "எந்தா?" என்றார். "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் நின்றுகொண்டே, கட்டத்தில் தாசையன் அண்ணனின் வீட்டுப் பெயரை எழுதினேன். நடுவில் ஓர் ஓடைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தம்பிமாரே, என் தப்பு அதுதான். நம் வேலையில் பெரிய பொய்களைவிட, கேட்க வெட்கப்பட்டு எழுதுகிற சின்ன வரிகள்தான் ஆளைக் கொல்லும்.

சில வாரத்தில் டிப்போ கடிதம் வந்துவிட்டது. எஞ்சின் மாற்றியது உண்மை என்று இரண்டு எண்களையும் போட்டிருந்தார்கள். தாசையன் அண்ணன் என்னைக் கட்டிப் பிடித்தார். பதிவுக்கு எழுதிப் போட்டேன். பதில் இப்படி வந்தது: இத்தனை நாள் வண்டி ஓடவில்லை என்பதை இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஓடியது என்று தெரிந்தால் வாங்கிய நாளிலிருந்து வரியும் தண்டமும் கட்ட வேண்டும். கட்டும்வரை வண்டி ஆபீசில் நிற்கும். அந்தத் தொகையைக் கட்ட தாசையன் அண்ணனிடம் விற்க இன்னொரு விளை இல்லை. அப்படி ஆபீசுக்குப் போன வண்டிகள் துருப்பிடித்து ஏலத்துக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே வாரம் ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னப்பனுக்கும் மெட்ராஸ் வண்டி ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. உங்கள் விளையில் பதிவில்லாத வண்டி நிற்பதாகத் தெரிகிறது. வியாழக்கிழமை வந்து பார்ப்போம் என்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சின்னப்பனின் ஷெட்டில் கூடினோம். ஆசான் வரவில்லை. "எழுதினது நீ, நீயே போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டார்.

"ஏன் மக்கா எனக்க வீட்டுப் பேர எழுதின?" என்று கேட்டார் தாசையன் அண்ணன்.



"அவன் எழுதினது எழுதிட்டான். இப்ப என்ன செய்ய? அதச் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி ரோசம்மா மைனி.

சின்னப்பன் ஜீப்பைத் தட்டினார். "இந்தச் சவத்த இங்ஙனேயே குழி தோண்டிப் பொதைக்கலாம். பாதி பொதைஞ்சுதான் கெடக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காகிதம் தெரிந்தவன் நான்தானே.  காகிதத்தில் வீடு என்று இருக்கிறது. ஜீப் இங்கே இருக்கிறது. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். காகிதத்தை மாற்ற ஆபீசுக்குப் போய்ப் பேச வேண்டும். ஜீப்பை மாற்ற யாரிடமும் பேச வேண்டியதில்லை. "காலைல இழுத்து ஓடை தாண்டி வீட்டுக்குக் கொண்டு போயிருவம்" என்று சொன்னேன். இப்போது நினைத்தால், வெட்கம்தான் எனக்காகப் பேசியிருக்கிறது.

புதன்கிழமை விடிந்ததும் சின்னப்பனின் மாடுகளைப் பூட்டி, ஆறு பேர் தள்ளி, தென்னந்தடிகளை ஓடையின் மேல் போட்டு இழுத்தோம். கொடி அறுந்தது. புற்று உடைந்தது. காற்றில்லாத டயர்கள் ஈர மண்ணை உழுதுகொண்டே வந்தன. ஜீப்பை வீட்டு முற்றத்தில் நிறுத்தினோம். தாசையன் அண்ணன் அதைக் கழுவவும் செய்தார். சர்க்கார் ஆள் வரும்போது அழுக்காக இருக்கக்கூடாதாம். நானும் ஒரு வாளி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், சத்தம் போடாதவர். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரில் ஒட்டிய மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டினார்.

"ஒன்னர கொல்லமாயிட்டு ஓடாத்த வண்டியா இது?"

"ஆமா சார், ஒன்றர வருசமா ஓடல்ல" என்றார் தாசையன் அண்ணன்.

"இவிடெ நின்னு அனங்ஙியிட்டில்லா?"

"இல்ல சார். இஞ்சேருந்து அசையவே இல்ல."

இன்ஸ்பெக்டர் முற்றத்தின் ஓரம்வரை நடந்தார். ஓடையிலிருந்து வீடுவரை இரண்டு பெரிய தடங்கள், புது மண் மேலே புரண்டு, வாய்க்கால் மாதிரி கிடந்தன. அவர் தடத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்னெ இதாருடெ கால்பாடு? ஆனயுடெயோ?"

யானை நடந்த தடமா என்று கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன். இழுத்தோம் சார், அந்தக் கரையில்தான் நின்றது சார் என்று சொல்ல வேண்டும். சொன்னால், காகிதத்தில் எழுதியது பொய் என்றாகும். வாயை மூடிக்கொண்டேன். வண்டி ஓடவில்லை என்பதற்குச் சாட்சியாக இருந்த கொடியையும் புற்றையும் நானே அறுத்துப் போட்டிருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அங்கே அப்படியே விட்டிருந்தால், யார் வந்து பார்த்தாலும் நம்பியிருப்பார்கள்.

ஓடவில்லை என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவர் போனார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுபோக ஆள் வரும். தாசையன் அண்ணன் ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். 

வியாழக்கிழமை அந்தக் கரையில் மெட்ராஸ் அதிகாரி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். புது மாவட்டம், புது வேலை, எந்தப் பாதை எங்கே போகிறது என்றே தெரியாமல் வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஷெட் காலியாக இருந்தது.

"எங்கய்யா வண்டி?"

"வண்டியா? இஞ்ச ஜீப்பும் இல்ல, ஒரு கோப்பும் இல்ல சார்" என்றார் சின்னப்பன். "ஆரோ வேண்டாதவன் எழுதிப் போட்டிருப்பான். போராட்டக் காலத்துப் பகை ஆக்கும்."

அதிகாரிக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. வெயிலில் நின்று எழுத யாருக்கு ஆசை? பையைத் திறந்து பேனாவை எடுத்தார். "வண்டி எதுவும் காணப்படவில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். சின்னப்பன் தாசையன் அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஒரு கண்டத்திலிருந்தாவது தப்பித்தோம் என்று.

நான் மூலையில் நின்றேன். என் காலுக்குப் பக்கத்தில் டயர் புதைந்திருந்த குழிகள் நாலும் அப்படியே இருந்தன. முழங்கை ஆழம். நடுவில் வெளிச்சம் படாமல் வெளுத்துப்போன புல். அறுந்த கொடியின் வேர்ப்பக்கம் இன்னும் பச்சையாக இருந்தது. உடைந்த புற்றில் கறையான் ஊர்ந்தது. உலகத்தில் இந்த ஜீப்புக்கு இருக்கிற ஒரே சாட்சி இதுதான். அது ஓடைக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. இந்த மனிதர் அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், இங்கே ஒரு வண்டியும் நிற்கவில்லை என்று சர்க்காரே சொன்னதாகிவிடும். பிறகு சனிக்கிழமை எதைக் காட்டுவது? ஆனால் சொன்னால், இந்தப் பக்கத்து வரியும் தாசையன் அண்ணனின் தலையில் விழும். இரண்டு பக்கமும் நஷ்டம். எந்த நஷ்டத்தில் ஜீப் மிஞ்சும்? கணக்குப் போட நேரம் இல்லை. அவர் எழுதி முடித்து, கையெழுத்துக்காக இடம் விட்டிருந்தார்.

"சார், வண்டி இஞ்சதான் நின்னுது" என்றேன்.



"எலே!" என்றார் சின்னப்பன்.

"ஒன்றர வருசமா இஞ்சதான் நின்னுது சார். நேத்து காலைலதான் நான் சொல்லி இழுத்துக் கொண்டு போனாவ. குழியப் பாருங்க. கொடியப் பாருங்க."

அதிகாரி பேனாவை மூடாமலே குழியருகில் குந்தினார். "இப்ப எங்க?"

ஓடைக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர்க்கரை முற்றத்தில் கழுவிய ஜீப் பளபளவென்று நின்றது. அவர் தென்னந்தடிவரை போய், காலைத் தூக்கி, மறுபடியும் கீழே வைத்தார்.

"அங்க நிக்கறதை நான் பார்க்க முடியாதுய்யா. என் வேலை இந்தக் கரையோட முடிஞ்சுது."

"இஞ்ச உள்ளத மட்டும் எழுதித் தந்தா போரும் சார்."

"எழுதினா, அது எங்க ஸ்டேட்டு வண்டின்னு ஆயிடும். பிரிஞ்ச நாள்லேர்ந்து இங்க வரி கட்டணும், இங்க பதியணும். அதுபோக, எங்க வண்டி நேத்து யாரைக் கேட்டு ஸ்டேட்டை விட்டு வெளிய போச்சு?"

 நான் தாசையன் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எழுதட்டு" என்றார்.

குழியின் ஆழம், கொடி, புற்று, வெளுத்த புல் எல்லாவற்றையும் அதிகாரி எழுதினார். வண்டி நேற்றுவரை இங்கே அசையாமல் நின்றதாகத் தெரிகிறது என்று முடித்து, எனக்கு ஒரு நகலும் தந்தார். மூன்று மாத வரி, பதிவு, திங்கட்கிழமைக்குள் ஜீப் திரும்ப வரவேண்டும் என்று ஒரு சீட்டும் தந்தார்.

சனிக்கிழமை நான் அந்த நகலோடு கேரளத்துப் பழைய ஆபீசுக்குப் போனேன். வாசலிலிருந்து இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மூன்றாம் தடவை உள்ளே போனேன். தமிழ் வாசிக்கத் தெரியாத இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்போ வீட்டிலாணென்னு எழுதியதாரு?" வீட்டில் நிற்கிறது என்று எழுதியது யார் என்று.

"நானாணு சார். தாசையன் அண்ணனுக்கு அறியில்லா."

"எந்தினு?" ஏன் என்று கேட்டார்.

"சோதிக்கான் மடியாயிட்டு." கேட்கக் கூச்சப்பட்டு என்று சொல்லத்தான் நினைத்தேன். என் மலையாளத்தில் அது சோம்பல் என்றும் கேட்டிருக்கும். அவர் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். மூன்று மாதத்துக்கு என் கையெழுத்தில் ஒரு காகிதமும் அந்த ஆபீசில் வாங்கக்கூடாது என்று குமாஸ்தாவிடம் சொன்னார். பிறகு ஜீப்பின் ஃபைலை எடுத்து, "இது நம்முடெ வண்டியல்ல" என்று குறுக்கே ஒரு கோடு போட்டார். பழைய வரியும் தண்டமும் அந்தக் கோட்டோடு போயின.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வந்த கூட்டமெல்லாம் நிற்க, அதே மாடுகளைப் பூட்டி ஜீப்பை மறுபடியும் ஓடை கடத்தினோம். ரோசம்மா மைனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "தமிழ்நாட்டுக்குப் போணும் போணும்னு தொண்ட கிழிய கத்தினது நீங்க. இப்ப ஆரு போறா பாத்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. தாசையன் அண்ணனும் சிரித்தார். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிய ஆரம்பித்தது. ஆரியங்கோடு கேரளத்தில். பொழியூரும் பாறசாலையும் கேரளத்தில். ஜீப் மெட்ராசில். கிழங்கும் மீனும் ஏற்ற வேண்டுமென்றால் மெட்ராஸ் வரியோடு கேரளத்து வரியும் கட்ட வேண்டும், கட்டினால் மிஞ்சாது. ஜீப்பைக் காப்பாற்றினேன். அது எதற்காக வாங்கப்பட்டதோ, அந்தப் பாதையைத் தொலைத்துவிட்டேன்.

பிறகும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். நிற்கிற வண்டியைப் பார்க்காமல் 'நிற்கும் இடம்' எழுதியதில்லை. பயந்து எதையும் இடம் மாற்றச் சொன்னதில்லை. இவற்றை உங்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இரண்டு பக்கமும் நஷ்டமாக இருக்கும்போது எந்தப் பக்கம் பேசுவது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது.

பதிவு முடிந்து நம்பர் எழுதிய நாள் சின்னப்பனின் விளைக்குப் போனேன். தாசையன் அண்ணன் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எலே, அன்னைக்கு நீ வாய தெறக்காம இருந்திருந்தா?"

"ஜீப்பு போயிருக்கும் அண்ணா."

"தெறந்ததினால?"

"ரூட்டு போச்சு."

அவர் பக்கத்து சீட்டைத் தட்டினார். "செரி. கேறு" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். ரோட்டு முனை வந்ததும் வண்டியை நிறுத்தினார். வலப்பக்கம் திரும்பினால் கேரளத்துப் பாறசாலை, இடப்பக்கம் மெட்ராஸ் பக்கத்து மார்த்தாண்டம். அவர் கை பழக்கத்தில் அந்தப் பக்கம் திருப்பப் போய் நின்றது.

"மார்த்தாண்டத்தில கிழங்கு வாங்குத ஆளு ஆரையாவது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணா."

"எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் திருப்பினார்.